கலாய்த்துக்கொண்டே விடிய விடிய பார்க்கும் பாட்டுப் போட்டி: யூரோவிஷனுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

2023 மே மாதம், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். மேடையில் ஒரு பெரிய மரப்பெட்டி. அதற்குள்ளிருந்து வெளியே வருகிறார் ஒரு பாடகர். மேலே சட்டை இல்லை. தோளையும் கைகளையும் மட்டும் மூடும், பலூன் போல உப்பிய கிளிப்பச்சை நிற ஜாக்கெட். பாட்டின் முதல் பாதி காட்டுக்கத்தல் ராப். இரண்டாம் பாதியில் ரோஸ் நிற உடையில் நடனக் கலைஞர்கள் வந்துவிட, பள்ளி ஆண்டு விழா போல ஆகிவிடுகிறது. வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர், கூச்சத்தை விட்டுவிட்டு குடித்து ஆடப் போகிறார். பாட்டின் பொருள் அவ்வளவுதான். மொழி, ஃபின்னிஷ்.

பாடியவர் பின்லாந்தின் கேரியா. பாட்டின் பெயர் 'சா சா சா'. ரீல்ஸில் அந்தப் பச்சைக் கையை நீங்களும் பார்த்திருக்கலாம். "இதெல்லாம் ஒரு பாட்டாப்பா?" என்று கேட்டபடியே முழுசாகப் பார்த்தும் இருக்கலாம். அப்படிப் பார்த்திருந்தால், நீங்கள் தனி ஆள் இல்லை. ஐரோப்பாவில் பல கோடிப் பேருக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் இதேதான் நடக்கிறது. கலாய்க்க உட்காருகிறார்கள். நான்கு மணி நேரம் கழித்து, தங்களுக்குப் பிடித்த பாட்டு தோற்றுவிட்டதே என்று தூக்கம் வராமல் புரண்டு படுக்கிறார்கள்.

அந்த நிகழ்ச்சியின் பெயர் யூரோவிஷன். 2025 போட்டியை 16.6 கோடிப் பேர் பார்த்ததாக நடத்துகிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதில் எத்தனை பேர் மறுநாள் ஆபீஸில் "நான் பார்த்தேன்" என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ரசிப்போம், ஆனால் ரசிப்பதாகச் சொல்ல வெட்கப்படுவோம். ஆங்கிலத்தில் இதைத்தான் 'கில்ட்டி ப்ளெஷர்' என்கிறார்கள். யூரோவிஷன் அதற்கு உலகின் மிகப் பெரிய உதாரணம்.

யூரோவிஷன் என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா எழுந்து நின்ற காலம். 1950-ல் பல நாடுகளின் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தைத் தொடங்கின. ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பல நாடுகளில் காட்ட முடியுமா என்பது அப்போது பெரிய தொழில்நுட்பச் சவால். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவைப் பார்த்து, அதே மாதிரி நாடுகளுக்கு இடையே ஒரு போட்டி வைக்கலாம் என்ற யோசனை வந்தது.

1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோவில் முதல் போட்டி நடந்தது. 7 நாடுகள், நாட்டுக்கு 2 பாட்டு. போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்தே வென்றது. யாருக்கு எவ்வளவு ஓட்டு என்ற விவரம் வெளியிடப்படவே இல்லை. "அப்பவே ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று உங்களுக்குத் தோன்றினால், யூரோவிஷன் ரசிகராக நீங்கள் பாதித் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

அன்றிலிருந்து 2020 கொரோனா ஆண்டைத் தவிர ஒவ்வோர் ஆண்டும் போட்டி நடந்திருக்கிறது. 1974-ல் 'வாட்டர்லூ' பாடி வென்ற பிறகுதான் ஸ்வீடனின் அப்பா இசைக்குழு உலகத்துக்குத் தெரிந்தது. கனடாவின் செலின் டியான் 1988-ல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2015 முதல் ஆஸ்திரேலியாவும் பாடுகிறது. அந்த ஆண்டு ஆஸ்திரேலியா அனுப்பியவர் மலேசியாவின் கிள்ளானில் பிறந்த கை செபாஸ்டியன். 5-ம் இடம் பிடித்தார்.

"ஐரோப்பாப் போட்டியில் ஆஸ்திரேலியா எப்படி?" என்று கேட்கக் கூடாது. அங்கே பல பத்தாண்டுகளாக விடிய விடிய விழித்திருந்து பார்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். போட்டியின் 60-ம் ஆண்டு நிறைவுக்காக அழைத்தார்கள். வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

ஏன் எல்லாமே இவ்வளவு ஓவராக இருக்கிறது?

மேடையில் தீ, பனிப்புகை, பறக்கும் பாடகர், வெள்ளெலிச் சக்கரத்தில் ஓடும் ஆள், அரக்கன் முகமூடி. யூரோவிஷன் என்றாலே இந்த மிகைதான் ஞாபகத்துக்கு வரும். ரசனைக் குறைவுதான் காரணம் என்று நினைத்துவிடலாம். ஆனால், போட்டி விதிகளைப் பார்த்தால் வேறு ஒன்று புரியும்.

ஒரு பாட்டு அதிகபட்சம் 3 நிமிடம். மேடையில் அதிகபட்சம் 6 பேர். உயிருள்ள விலங்குகள் கூடாது. முதன்மைக் குரல் நேரலையில்தான் வர வேண்டும். ஆனால் இசை முழுக்க முன்பே பதிவு செய்தது. 1999 முதல் நேரடி ஆர்கெஸ்ட்ரா கிடையாது. கிட்டார்காரர் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிறாரே, அது நடிப்பு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் மேடைப் பொருள்கள் அத்தனையையும் மாற்றியாக வேண்டும். அதை மறைக்கத்தான் இடையில் ஒரு குட்டிப் படம் ஓடுகிறது.

இப்போது ஒரு சின்ன நாட்டின் பாடகராக உங்களை நினைத்துப் பாருங்கள். இறுதிச் சுற்றில் 25 அல்லது 26 பாட்டு. பார்க்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உங்கள் மொழி தெரியாது. உங்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. உங்களுக்குக் கிடைப்பது 3 நிமிடம். ஓட்டுப் போடும் நேரத்தில் நீங்கள் 9-வதாகப் பாடியவரா, 19-வதாகப் பாடியவரா என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. "அந்தப் பச்சைக் கைக்காரர்" என்றால் ஞாபகம் இருக்கும்.

அதாவது, இந்த மிகை ஒரு கணக்கு. காதுக்குப் புரியாததைக் கண்ணுக்குச் சொல்ல வேண்டும், அதுவும் 3 நிமிடத்தில். 2006-ல் ஏதென்ஸில் பின்லாந்தின் லார்டி குழு அரக்கர் வேடத்தில் ஹெவி மெட்டல் பாடியபோது பலரும் சிரித்தார்கள். முடிவில் 292 புள்ளிகளோடு அந்தக் குழுதான் வென்றது. பின்லாந்துக்கு அது முதல் வெற்றி. இன்றுவரை ஒரே வெற்றியும் அதுதான் என்று 2025 வரையிலான பட்டியல் சொல்கிறது.

வேண்டுமென்றே மொக்கையாகப் பாடினால்?

ரசனையில்லாத, பளபளப்பான, மலிவான உணர்ச்சியைத் தூண்டும் கலையை 'கிட்ச்' என்பார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மியூனிக் ஓவியச் சந்தையில் புழங்கத் தொடங்கிய வசைச் சொல் அது. அந்த மிகையை மிகைக்காகவே கொண்டாடும் ரசனைக்கு 'கேம்ப்' என்று பெயர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1964-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவர் சொன்ன ஒரு விஷயம் யூரோவிஷனுக்கு அப்படியே பொருந்தும்: உண்மையான கேம்ப், சீரியஸாகச் செய்யப்போய் மிகையாகிவிடுவதில் இருக்கிறது. வேண்டுமென்றே செய்தால் அந்தச் சுகம் குறைந்துவிடும்.

இதற்கு மேடையிலேயே சாட்சி உண்டு. 1980-ல் பெல்ஜியத்தின் டெலெக்ஸ் குழு, யூரோவிஷனையே கேலி செய்யும் பாட்டோடு வந்தது. ஒன்று முதலிடம், இல்லையென்றால் கடைசி இடம் என்பதே அவர்களின் ஆசை. போர்ச்சுகல் 10 புள்ளி கொடுத்து அந்த ஆசையைக் கெடுத்துவிட்டது. 19 நாடுகளில் 17-ம் இடம். 2008-ல் அயர்லாந்து ஒரு வான்கோழிப் பொம்மையைப் பாட அனுப்பியது. அரையிறுதியோடு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கேலி செய்யும் உரிமை பார்க்கிறவர்களுக்கு. பாடுகிறவர்களே கேலியாக எடுத்துக்கொண்டால் ஓட்டு விழுவது கஷ்டம்.

எதிர்ப்பக்கம் மால்டோவாவைப் பாருங்கள். 2010-ல் அந்த நாட்டின் சன்ஸ்ட்ரோக் ப்ராஜெக்ட் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டிய ஆட்டம் மீம் ஆனது. சில நொடித் துண்டைப் பத்து மணி நேரம் ஓடவிட்ட யூடியூப் வீடியோக்கள் வந்தன. அந்த ஆண்டு அவர்களுக்குக் கிடைத்தது 22-ம் இடம். கோபித்துக்கொள்ளவில்லை. 2017-ல் அதே குழு, அதே சாக்ஸபோனோடு, அதே ஆட்டத்தோடு திரும்ப வந்தது. 3-ம் இடம்! தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களைத் தன்னோடு சேர்ந்து சிரிக்க வைத்த கதை அது.

நீங்கள் எந்த வகைப் பார்வையாளர்?

மொக்கை என்று தெரிந்தே மக்கள் ஏன் சில டிவி நிகழ்ச்சிகளைப் பார்க்கிறார்கள்? அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சார்லஸ் மெக்காய், ராஸ்கோ ஸ்கார்பரோ இருவரும் இதே கேள்வியோடு பார்வையாளர்களிடம் பேசி, 2014-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பிரித்துச் சொல்லும் பார்வை முறைகளில் மூன்று முக்கியமானவை.

முதல் வகை, கேலிக்காகப் பார்ப்பவர். "நான் இதை ரசிக்கலை, கலாய்க்கத்தான் பாக்கறேன்" என்பார். நிகழ்ச்சிக்கும் தனக்கும் நடுவே ஒரு சுவர் கட்டிக்கொள்வார்.

இரண்டாம் வகை, கேம்ப் ரசிகர். "எவ்வளவு மோசமா இருக்கோ அவ்வளவு நல்லா இருக்கு" என்பார். அவருக்கு வெட்கமே கிடையாது.

மூன்றாம் வகைதான் கில்ட்டி ப்ளெஷர்காரர். நிகழ்ச்சி தரமில்லாதது என்று நம்புகிறார். ஆனாலும் பிடித்திருக்கிறது. நிறுத்த முடியவில்லை. பார்த்த பிறகு லேசாக வெட்கப்படுகிறார்.

யூரோவிஷனின் சாமர்த்தியம், ஒரே இரவில் ஒரே ஆளை இந்த மூன்று நிலைக்கும் மாற்றிவிடுவதில் இருக்கிறது. எட்டு மணிக்குக் கேலி. பத்து மணிக்குக் கொண்டாட்டம். பன்னிரண்டு மணிக்கு, "அந்தப் பொண்ணு ஜெயிக்கணும்" என்ற தவிப்பு.

இந்தக் கேலிக்கு அதிகாரபூர்வ அனுமதியே இருந்தது. பிரிட்டனில் பிபிசி வர்ணனையாளர் டெரி வோகன் பல ஆண்டுகள் நக்கலும் நையாண்டியுமாகவே போட்டியைத் தொகுத்தார். பலர் பாட்டைவிட அவர் அடிக்கும் கமென்ட்டுக்காகவே டிவி முன் உட்கார்ந்தார்கள். 2001-ல் கோபன்ஹேகன் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களுக்கு அவர் வைத்த பட்டப்பெயர்களால் டென்மார்க் கடுப்பானது. கடைசியில் அவரே 2008 போட்டியோடு விலகிவிட்டார். காரணம், இது பாட்டுப் போட்டியாக இல்லை, நாடுகள் அரசியல் பார்த்து ஓட்டுப் போடுகின்றன என்ற வருத்தம். வாழ்நாள் முழுக்கச் சிரித்தவர், வெளியேறும்போது சீரியஸாகத்தான் வெளியேறினார்.

ஓட்டு எண்ணும்போது ஏன் இதயம் படபடக்கிறது?

பாட்டு பிடிக்காதவர்கள்கூட ஓட்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பார்கள். 1975 முதல் இருக்கும் முறை இது: ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த 10 பாட்டுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி தரும். தன் நாட்டுக்குத் தானே ஓட்டுப் போட முடியாது. நாடு நாடாக அழைத்து, 12 யாருக்கு என்று அறிவிப்பார்கள்.

இதில் இரண்டு கணக்கு உண்டு. இசைத் துறையினர் அடங்கிய நடுவர் குழு தரும் புள்ளிகள் ஒன்று. மக்கள் போன், எஸ்எம்எஸ், ஆப் வழியாகத் தரும் ஓட்டு இன்னொன்று. 2016 முதல் இரண்டையும் தனித்தனியாக அறிவிக்கிறார்கள். முதலில் நடுவர்கள், பிறகு மக்கள். முதல் ஒரு மணி நேரம் முன்னிலையில் இருந்தவர் கடைசி ஐந்து நிமிடத்தில் கவிழ்ந்துவிடலாம்.

நம் பச்சைக் கைக்காரர் கதையும் அதுதான். 2023-ல் மக்கள் கேரியாவுக்கு 376 புள்ளி கொடுத்தார்கள். ஸ்வீடனின் லோரீனுக்கு 243-தான். ஆனால் நடுவர்கள் லோரீனுக்கு 340, கேரியாவுக்கு 150. மொத்தம் 583-க்கு 526. லோரீன் வென்றார். "மக்கள் தீர்ப்பை மாத்திட்டாங்க" என்ற கோபம் பல நாள் ஓயவில்லை.

கொஞ்சம் யோசித்தால் இந்தச் சண்டை வேடிக்கையானது. நடுவர்கள் 'தரமான' பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் 'ஜாலியான' பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். எது நல்ல ரசனை, அதை யார் முடிவு செய்வது என்ற பழைய கேள்விக்கு ஐரோப்பா ஆண்டுதோறும் ஸ்கோர்போர்டு போட்டுச் சண்டையிடுகிறது. கில்ட்டி ப்ளெஷரில் அந்த 'கில்ட்டி' எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விடை இங்கேதான். நம் தலைக்குள்ளும் ஒரு நடுவர் குழு உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாசமும் உண்டு. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 கொடுத்துக்கொள்வது ரசிகர்களுக்கு மனப்பாடம். அறிவிப்புக்கு முன்பே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். வேலை தேடிப் புலம்பெயர்ந்தவர்கள் தாங்கள் வாழும் நாட்டிலிருந்து சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடுவதும் நடக்கிறது. இதை மோசடி என்பவர்கள் இருக்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதுவும் ஒரு ஊர்ப் பாசம்.

சிரிப்புக்குள் ஒளிந்திருக்கும் வரலாறு

அரசியல் பேசக் கூடாது என்பது போட்டி விதி. ஆனால் வரலாறு அந்த விதியைப் பெரிதாக மதித்ததில்லை.

1974-ல் அப்பா குழு வென்ற அதே போட்டியில், போர்ச்சுகல் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. யாரும் கண்டுகொள்ளாத ஒரு காதல் பிரிவுப் பாட்டு அது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 24 இரவு, லிஸ்பன் வானொலி ஒன்றில் அதே பாட்டு ஒலித்தது. சர்வாதிகார அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு, 'தயாராகுங்கள்' என்ற ரகசிய சிக்னல் அது. சாதாரணக் காதல் பாட்டுதானே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மறுநாள் கார்னேஷன் புரட்சி நடந்தது. பல பத்தாண்டு சர்வாதிகாரம் முடிவுக்கு வந்தது.

2012-ல் ரஷ்யா ஆறு பாட்டிகளை அனுப்பியது. உத்முர்த் என்ற சிறுபான்மை மொழி பேசும் புரானோவோ கிராமத்துப் பெண்கள். மேடையிலேயே அடுப்பு வைத்து பிஸ்கட் சுட்டார்கள். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் பாட வந்த காரணம், ஊரில் இடிக்கப்பட்ட தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் பணம் சேர்ப்பது. 2-ம் இடம் பிடித்தார்கள்.

2014-ல் தாடியும் நீள கவுனுமாக வந்த ஆஸ்திரியாவின் கொன்சிட்டா வூர்ஸ்ட் வென்றார். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1998-ல், இஸ்ரேலைச் சேர்ந்த திருநங்கைப் பாடகர் டானா இன்டர்நேஷனல் வென்றிருந்தார். தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் யூரோவிஷனைத் தங்கள் திருவிழாவாகவே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 'ஓவரா இருக்கே' என்று வெளியில் ஏளனம் செய்யப்பட்ட எல்லாமே அந்த மேடையில் கைத்தட்டல் வாங்குகிறது.

2016-ல் உக்ரைனின் ஜமாலா, 1944-ல் ஸ்டாலின் ஆட்சியில் கிரிமிய தாத்தார் மக்கள் நாடு கடத்தப்பட்டதைப் பற்றிப் பாடினார். அவரது கொள்ளுப்பாட்டியின் கதை. நடுவர்களின் முதல் தேர்வு ஆஸ்திரேலியா. மக்களின் முதல் தேர்வு ரஷ்யா. இரண்டையும் கூட்டினால் வென்றது உக்ரைன்.

குற்ற உணர்வு இடம் மாறிய கதை

ஒரு காலத்தில் யூரோவிஷன் பார்ப்பதில் இருந்த குற்ற உணர்வு ரசனை சம்பந்தப்பட்டது. "நல்ல இசை கேட்கிற ஆள், இதையா பார்க்கிறே?" என்ற கூச்சம். இப்போது சிலருக்கு வேறு வகைக் குற்ற உணர்வு வந்திருக்கிறது. அது சிரித்துக் கடக்கிற வகை இல்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த மறுநாளே, ரஷ்யா பங்கேற்க முடியாது என்று ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அறிவித்தது. அந்த ஆண்டு உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா, மக்கள் ஓட்டில் மட்டும் 439 புள்ளி வாங்கி வென்றது. வென்ற கோப்பையை ஏலம் விட்டு 9 லட்சம் டாலர் திரட்டி ராணுவத்துக்கு ட்ரோன் வாங்கக் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த மைக் வடிவக் கோப்பை, போர்க்களத்துக்குப் பணமாகப் போனது.

பிறகு காஸா. "ரஷ்யாவுக்கு ஒரு நியாயம், இஸ்ரேலுக்கு ஒரு நியாயமா?" என்ற கேள்வி 2024 மால்மோ போட்டியில் வெளிப்படையாக வெடித்தது. அரங்குக்கு வெளியே பெரிய போராட்டங்கள். அதே சமயம், 2025 பாசல் போட்டியில் மக்கள் ஓட்டில் முதலிடம் வாங்கியதும் இஸ்ரேல்தான். 297 புள்ளி. நடுவர் புள்ளியையும் சேர்த்ததில் ஆஸ்திரியா வென்றது. ஓட்டு கேட்டு நடந்த பிரசாரம் குறித்துச் சர்ச்சை எழுந்தது. 2026 முதல் ஒருவர் 20 ஓட்டுவரை போடலாம் என்பதை 10 ஆகக் குறைத்தார்கள்.

2025 டிசம்பரில் இஸ்ரேல் தொடரலாம் என்று முடிவானதும், ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் 2026 வியன்னா போட்டியிலிருந்து விலகின. இதில் அயர்லாந்து 7 முறை வென்ற நாடு. ஸ்வீடனோடு சேர்ந்து அதிக வெற்றி பெற்ற சாதனையை வைத்திருக்கிறது. 2024-ல் வென்ற சுவிட்சர்லாந்தின் நெமோ தன் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்.

பாடகர்களை நாட்டின் அரசோடு சேர்த்துத் தண்டிப்பது நியாயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாட்டின் கொடியோடு பாட வருகிறவரை எப்படித் தனியாகப் பார்ப்பது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பல ஆண்டு ரசிகர்கள் சிலர் இப்போது டிவியை அணைத்துவிடுகிறார்கள். சிலர் பார்க்கிறார்கள், ஆனால் மனது உறுத்துகிறது. "ஜாலிக்குத்தானே பாக்கறோம், அரசியல் எதுக்கு?" என்ற பதில் இரண்டு தரப்புக்கும் போதவில்லை.

இந்தியாவும் ஒரு போட்டியில் பாடியது தெரியுமா?

யூரோவிஷனில் இடமில்லாத ரஷ்யா, பனிப்போர்க் காலத்தில் சோவியத் முகாம் நாடுகள் நடத்திய இன்டர்விஷன் என்ற போட்டியைத் தூசி தட்டி எடுத்தது. 2025 செப்டம்பர் 20 அன்று மாஸ்கோ அருகே நடந்தது. சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, சவூதி அரேபியா என்ற வரிசையில் இந்தியாவும் பாடகரை அனுப்பியது. ரவ்ஹான் மாலிக் 'இஷ்க்' என்ற பாட்டைப் பாடினார். வென்றது வியட்நாமின் டுக் ஃபுக். பரிசு 3 கோடி ரூபிள்.

யூரோவிஷனில் பரிசுப் பணமே கிடையாது. கோப்பை கிடைக்கும். அடுத்த ஆண்டுப் போட்டியை வென்ற நாடு நடத்தும் வாய்ப்பு, அதாவது செலவு, கூடவே வரும். மேடையும் விளக்கும் ரஷ்யாவிடம் குறைவில்லாமல் இருந்தன. 70 ஆண்டுகளாகச் சேர்ந்த கிண்டலையும் பழைய சண்டைகளையும் ஒரே இரவில் எந்த அரசாலும் உருவாக்க முடியாது.

இங்கிருந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். இறுதிச் சுற்று வழக்கமாக மே மாதச் சனிக்கிழமை, மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 9 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது ஞாயிறு அதிகாலை 12.30 மணி. முடியும்போது பால்காரர் வந்துவிடுவார். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், பாட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக யூடியூப்பில் கிடைக்கும்.

ஓட்டும் போடலாம். 2023 முதல், போட்டியில் இல்லாத நாட்டு மக்களும் இணையத்தில் கட்டணம் செலுத்தி ஓட்டுப் போட வழி வந்திருக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, அமெரிக்கா என்று எல்லோருடைய ஓட்டும் சேர்ந்து 'உலகின் பிற பகுதிகள்' என்ற ஒரே நாடு போலக் கணக்கிடப்படும். ஆக, உங்கள் 12 புள்ளி யாருக்கு என்று சண்டை போட உங்களுக்கும் உரிமை உண்டு.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: தனியாகப் பார்க்காதீர்கள். நண்பர்கள் நாலு பேர், ஆளுக்கு ஒரு பேப்பர், பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதிக்கொண்டே பாருங்கள். ஆறாவது பாட்டில் சண்டை ஆரம்பித்துவிடும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1978-ல் நார்வேயின் யான் டைகன், சிவப்பு பேன்ட்டும் சஸ்பெண்டரும் போட்டுக்கொண்டு, மேடையில் எம்பிக் குதித்துப் பாடினார். எந்த நாடும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. இப்போதைய புள்ளி முறை வந்தபிறகு பூஜ்ஜியம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஊர் திரும்பினால் தலைகாட்ட முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நார்வே மக்கள் அந்தப் பாட்டை ஹிட் ஆக்கினார்கள். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1982-ல் ஒரு முறை, 1983-ல் ஒரு முறை என்று மறுபடியும் யூரோவிஷன் மேடைக்கே அனுப்பிவைத்தார்கள். 2020-ல் அவர் மறைந்தபோது, நார்வே தன் பெரிய நட்சத்திரம் ஒருவருக்குத் தரும் மரியாதையோடுதான் வழியனுப்பியது.

அந்த வீடியோ இன்றும் இணையத்தில் இருக்கிறது. 3 நிமிடம்தான். முதல் நிமிடம் சிரிப்பீர்கள். அதன் பிறகு என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள்.